தேய்த்துக் கொண்டுவந்த பித்தளை

“நீ ஒரு தோட்டாவாவது சுட்டிருக்கியாம்மா?”

இந்த மேசைக்கு எதிரே நின்று ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மலாய் நாட்டின் சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. கடையில் வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். “இல்லீங்க ஐயா” என்றேன். உண்மை அதுதான். ஆனால் அந்த உண்மை அன்று எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

திங்கட்கிழமை முதல் இந்த மேசை புதிதாகச் சேர்ந்த உங்கள் மூவருடையது. நான் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பும் உள்ளறைக்குப் போகிறேன். போவதற்கு முன் சிலவற்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஓய்வு பெற்றவள் போலப் புத்தி சொல்கிறாளே என்று வெளியே போய்ச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், படித்த பிறகு.

நம் வேலையை வெளியில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. துப்பாக்கிக் கடையில் வேலை என்றால், பெண் பிள்ளை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று நம் ஊர் காஜா பேராங்கில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கூடுகள் நம்மிடம் வரும். அவற்றில் எது மறுபடி மருந்தைத் தாங்கும், எது தாங்காது என்று நாம் பார்த்துப் பிரிக்கிறோம். அவ்வளவுதான். வேலைமுறையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எந்தக் கூட்டின் அடியில் எத்தனை துளை இருக்க வேண்டும், எந்த முத்திரை எந்த ஆலையுடையது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள். நான் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய சான்றிதழை அப்பா சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவார். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தச் சான்றிதழில் பித்தளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியும், முத்திரைகளைப் பிரித்தறிவாள் என்றுதான் கடை முதலாளி தவுக்கே என்னை வேலைக்கு எடுத்தார்.

மேசைமேல் இருக்கும் மூன்று மங்குத் தட்டுகளை நேற்று உங்களுக்குக் காட்டினேன். முதல் தட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றுக்கு. இரண்டாவது தட்டு, கழித்தவற்றுக்கு. மூன்றாவது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டபோது, “தெரியாது என்பவற்றுக்கு” என்றேன். நான் பதில் சொல்லாமல் மழுப்புவதாக நினைத்து நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். உண்மையாகவே அந்தத் தட்டுக்கு அதுதான் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே இரண்டு தட்டுகள்தான் இருந்தன. மூன்றாவதை வைத்தது நான். அது வந்த கதை இதுதான்.

அந்தச் சமயத்தில் மாவட்டத்தின் துப்பாக்கிச் சங்கம், சுதந்திரத்தையொட்டி ஒரு குறி சுடும் போட்டி வைத்தது. அதுவரை அந்தச் சங்கத்தில் சுட்டவர்கள் துரைமார்கள், அதிகாரிகள், டவுனில் வசதியான சிலர். அந்த ஆண்டு தோட்டங்களும் ஆள் அனுப்பலாம் என்றார்கள். செங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேலு என்பவர் தேர்வாகியிருந்தார். பால்வெட்டிக்கொண்டிருந்தவர். கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க அவசரகாலம் அறிவித்தபோது தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி எடுத்தவர். அவர் நின்று சுட்டால், அந்த வரிசையில் நின்று சுடும் முதல் தோட்டத்து ஆள் அவராகத்தான் இருப்பார்.

ஒரு சிக்கல் இருந்தது. புதுத் தோட்டா கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. எல்லாம் படைக்கும் போலீசுக்கும் போய்க்கொண்டிருந்தது. போட்டிக்கு வருகிறவர்கள் தங்கள் கூடுகளை நம் கடையில் கொடுத்து, போலீஸ் அனுமதியுடன் மருந்து நிரப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். கூடு இல்லாதவர் சுட முடியாது. வேறு எங்கும் போய்த் தேடவும் முடியாது. காலிக் கூடு ஒன்று சட்டைப்பையில் இருந்தாலே காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிய காலம் அது.

அந்தத் தோட்டத்துக் கிராணி ஐயாவும் வேலு அண்ணனும் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்கள். வேலு அண்ணன் அதை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். மேசைமேல் வைத்து மூடியைத் திறந்ததும் புளி வாசனை அடித்தது.

உள்ளே இருந்த பித்தளையை நான் இன்னும் மறக்கவில்லை. திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் விளக்கு மின்னுமே, அப்படி மின்னியது. ஒரு கூட்டில்கூட ஒரு கறை கிடையாது.

துணி வைத்துக் கூடுகளைத் துடைக்கும் வேலையில் இருந்த மீனா அக்கா, நாம் மலாயில் கூப்பிடும் காக் மீனா, எட்டிப் பார்த்தார். அவர் நம் காஜா பேராங்கின் செட்டி கம்பம் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய்.

“அலாமாக்! சாந்தேக்!” என்று அந்த அழகை வியந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஆத்தா, இத எடுத்துக் காதுல போட்டுக்கலாம் போல இருக்கே!” என்ற பொருளில் மலாயில் இன்னொன்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

வேலு அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நானும் வீட்டுக்காரியும் உக்காந்து தேச்சோம் தங்கச்சி. புளில ஊறப்போட்டு, அப்புறம் அடுப்புச் சாம்பல். அவ நகமெல்லாம் கறுத்துப்போச்சு. ‘எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த குத்துவிளக்கக்கூட நீங்க இப்படித் தேய்க்கலையே’ன்னு ஒரே ஏச்சு.”

நானும் முதல் கூட்டை எடுத்ததும் நல்ல தட்டின் பக்கம்தான் கையைக் கொண்டுபோனேன். பளபளப்புக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. பாதி வழியில் கை நின்றது. கூட்டில் எதையோ தேடினேன், அது இல்லை.

நாம் என்ன தேடுவோம் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பலமுறை சுட்ட கூடு, அல்லது பழைய துப்பாக்கியில் சுட்ட கூடு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும். மெலிந்த இடத்தில் வெளியே மெல்லிய வளையம் ஒன்று தெரியும். மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க, அந்த வளையம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதைக் கவனிக்காமல் மருந்து நிரப்பினால், சுடும்போது கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியலாம். பிரிந்தால் நெருப்பும் புகையும் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம்.

பளிச்சென்ற வளையம் ஒன்றுதான் நமக்கு எச்சரிக்கை. கூடு முழுவதும் பளிச்சென்று இருந்தால் வளையத்தை எங்கே பார்ப்பது? அவர்கள் அழுக்கை மட்டும் தேய்க்கவில்லை. அந்தப் பித்தளை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். விளக்கைப் பொன்னாய்த் தேய்த்துத்தான் சாமிக்கு வைப்போம் என்று வளர்ந்தவர்கள் வேறு எப்படிக் கொண்டுவருவார்கள்? நானும் அதே மாதிரி வீட்டில் அதே புளியை வைத்துத் தேய்த்தவள்தான். அவர் செய்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் வாயைத் திறப்பது சிரமமாக இருந்தது.

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைத்தேன். கூட்டின் வாய் வழியே உள்ளே விட்டு, சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுத்தேன். உள்ளே பள்ளம் இருந்தால் நுனி சிக்கும். முதல் கூட்டில் சிக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் சிக்கியது. பிறகு சிலவற்றில் சிக்கியது, பலவற்றில் சிக்கவில்லை. சிலவற்றில் சிக்கியதா, நான்தான் அழுத்திவிட்டேனா என்று சொல்ல முடியவில்லை.

“இந்தக் கூடுகள எடுத்துக்க முடியாதுங்க ஐயா” என்றேன்.

“எது முடியாது?”

“எதுவுமே.”

கிராணி ஐயா சிரித்தார். கெட்டவர் அல்ல அவர். தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே தமிழர், வேலு அண்ணனின் பெயரைத் துரையிடம் சொல்லிச் சங்கத்துக்கு அனுப்ப வைத்தவரும் அவர்தான். ஊசியின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி. ஊசி சிக்கினத எடுத்துப் போடு. சிக்காதது இருக்குல்ல? அதுல மருந்து போட்டுக் குடு.”

“ஊசியில ஆழமான பள்ளம்தான் தெரியும் ஐயா. இப்பதான் மெலிய ஆரம்பிச்சது தெரியாது. வெளியில இருந்த அடையாளம் போயிடுச்சு.”

“அப்ப மிச்சமெல்லாம் கெட்டதுன்னு சொல்றியா?”

“அப்படிச் சொல்லல. எனக்குத் தெரியலன்னு சொல்றேன்.”

இந்த இடத்தில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஒரு தோட்டாவாவது சுட்டிருக்கிறேனா என்று. இல்லை என்றேன். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் வாய்க்குள் சிரித்தார்கள்.

“பாத்தியா? சுட்டதும் இல்ல, கெட்டதுன்னு காட்டவும் முடியல. தெரியலங்கிறதுக்கு ஒரு சம்பளமா?” கொஞ்சம் குரலை இறக்கினார். “நம்ம ஆளு ஒருத்தன் மொத தடவையா அந்த வரிசையில நிக்கப் போறான்மா. துரைங்க தடுக்கல. சங்கம் தடுக்கல. நம்ம பிள்ளை நீ, நீயா தடுக்கப் போற?”

கெட்டது என்று காட்டக்கூடிய கூடாக இருந்தால், காட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும். சந்தேகத்துக்கு அழகே கிடையாது. அதைத் தட்டில் வைத்து யாருக்கும் காட்ட முடியாது.

தவுக்கே உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி ஐயா அவரிடம் திரும்பி, இந்தத் தோட்டத்தின் வியாபாரம் முழுவதும் இந்தக் கடைக்குத்தான் வருகிறது என்பதை மலாயில் நினைவூட்டினார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாரம் என் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று நான் காத்திருந்தேன். சரி என்றாலும் நல்லது, வேண்டாம் என்றாலும் நல்லது.

தவுக்கே என்னைத்தான் பார்த்தார். “லு பூஞா மேஜா” என்றார். உன் மேசை. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அப்போது அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி என்று ஒருவர் எதற்கு இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. அவர் அன்று முடிவைச் சொல்லியிருந்தால், அடுத்த டின் வரும்போதும் நான் வாசலைத்தான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

“முடியாதுங்க ஐயா” என்றேன் மறுபடி. பிறகு வேலு அண்ணனைப் பார்த்தேன். அதுவரை அவரைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டி அவருடையது. முகமும் அவருடையது.

“அண்ணே, வேற கூடு இருக்கு. ஆனா கொஞ்சம்தான்.”

கடைப் பேழையின் அடித்தட்டில் ஒரு டின் கிடந்தது. கப்பலேறி ஊர் திரும்பிய துரை ஒருவர் போலீஸ் மூலமாகக் கடைக்கு ஒப்படைத்துவிட்டுப் போன கூடுகள். நல்ல துப்பாக்கியில் ஒரே ஒரு முறை சுட்டவை. எல்லாவற்றிலும் ஒரே ஆலையின் முத்திரை. ஆனால் ஈரத்தில் இருந்து கறுத்துப் பழுப்பேறிப் பார்க்கச் சகிக்காது. வந்தவர்கள் எல்லாரும் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திருப்பி வைத்தவை. கறுப்பு மேல்தோலில் மட்டும்தான். அதற்கு அடியில் பித்தளை தன் கதையை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. வளையம் இல்லை, கழுத்தில் வெடிப்பு இல்லை. கழுத்தைச் சுற்றி, ஆலையில் சூடு காட்டிய நீல நிழல்கூட அப்படியே இருந்தது.

வேலு அண்ணன் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். பிறகு தான் கொண்டுவந்த டின்னைப் பார்த்தார்.

“துரைங்க நடுவுல நிக்கப் போறேன் தங்கச்சி. இந்தக் கருவாட்ட எடுத்து வைக்கச் சொல்றியா?”

“சுட்டதுக்கப்புறம் எல்லாம் கறுப்புதானே அண்ணே.”

“பேச நல்லாத்தான் பேசுற.” அவர் சிரிக்கவில்லை. “இது எத்தன நாளைக்குக் காணும்? போட்டிக்கே சரியாப் போயிடும். பழகறதுக்கு?”

“பழகறதுக்கு இல்ல அண்ணே.”

மற்றவர்கள் எல்லாரும் அந்த வாரங்களில் திடலில் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பழகாமல் போய் நில் என்று நான் அவரிடம் சொல்கிறேன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் தன் டின்னின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு கிராணி ஐயாவிடம், “இதே இருக்கட்டும் ஐயா” என்றார். “இந்தப் பிள்ளைக்கு வேணாம்னு சொல்லி என்ன கெடைக்கப் போவுது? ஏச்சுதான் கெடைச்சிருக்கு.”

கிராணி ஐயா என்னிடம் விடைபெறாமல் போனார்.

இப்போது கதை எப்படி முடியும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். வேலு அண்ணன் கறுத்த தோட்டாக்களோடு போய் முதல் பரிசு வாங்க வேண்டும், அல்லது வேறு யாருடைய பளபளப்பான தோட்டாவாவது வெடித்து நான் சொன்னது சரியென்று ஆக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. போட்டி நடந்தது. எல்லாரும் பத்திரமாகச் சுட்டார்கள். வேலு அண்ணன் கடைசிச் சிலரில் ஒருவராக வந்தார். முதல் சில குண்டுகள் குறியை விட்டு விலகிப் போய், பிறகுதான் கை நிலைத்ததாம். பழகியிருந்தால் நிலைமை வேறு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பளபளத்த டின் கடையிலேயே இருந்தது. போலீஸ் அனுமதியோடு கூடுகளை அழிக்க வேண்டியிருந்ததால், தவுக்கேயும் நானும் இரும்பு ரம்பத்தால் ஒவ்வொன்றாக நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். ஊசி சிக்காத கூடுகள் சிலவற்றில் சுவர் காகிதம் போல மெலிந்திருந்தது. அதைப் பார்த்ததும் தவுக்கே உச்சுக்கொட்டினார். ஆனால் வேறு பல கூடுகளில் ஒரு குறையும் இல்லை. நல்ல, தடித்த, முழுமையான பித்தளை. இன்னும் சில முறை தாராளமாகச் சுட்டிருக்கலாம். அவற்றையும் சேர்த்துத்தான் நான் மறுத்திருந்தேன்.

அறுத்த பாதிகளைத் தவுக்கே மேசைமேல் வரிசையாக வைத்தார். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். “இப்ப தெரியுது” என்றார் மலாயில். அறுத்த பிறகு யாருக்கும் தெரியும் என்பது அவர் சொல்லாமல் விட்ட மிச்சம். மறுநாள் காலை நான் மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.

அந்தத் தட்டில் விழுந்தது எதுவும் உள்ளறைக்குப் போகக் கூடாது. இதில் நல்ல கூடுகளும் வீணாகும். ஆகத்தான் செய்யும். வாடிக்கையாளர் திட்டுவார், அவர் திட்டுவதில் பாதி நியாயமும் இருக்கும். அப்போது நீங்கள் மறுத்தது சரி என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. ஏனென்றால் சரியாக மறுத்துவிட்டால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. நம் வேலை அப்படிப்பட்டது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் மனம் அதிகம் நோகாது.

படித்த பிள்ளை என்ற பெருமை எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. படித்தவள் என்பதற்காகவே எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த காலமும் உண்டு. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ‘தெரியலை’ என்று உரக்கச் சொல்வதற்குத்தான் உண்மையில் பெருமை நிறைய வேண்டியிருக்கிறது. அது இல்லாதவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த ஆண்டு வேலு அண்ணன் மறுபடி வந்தார், கிராணி ஐயா இல்லாமல். இந்த முறை கையில் ஒரு பழைய பால் வாளி. அதைத் தொப்பென்று மேசைமேல் வைத்தார். உள்ளே மண்ணும் புகைக்கரியும் அப்பிய கூடுகள். ஒன்றில் காய்ந்த ரப்பர் இலைகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

காக் மீனா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“தொடக்கூட இல்ல தங்கச்சி. ஊதிக்கூட விடல. வீட்டுக்காரி வாளியத் தூக்கிட்டுப் போயிடப் போறாளேன்னு கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்” என்றார்.

பாதிக்கும் மேல் முதல் தட்டுக்குப் போனது. அந்த ஆண்டு அவர் பழகியும் சுட்டார், போட்டியிலும் சுட்டார். எத்தனையாவதாக வந்தார் என்பதை அவரே சொல்லிக் கேளுங்கள். மாதம் ஒருமுறை வருவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

கிராணி ஐயாவின் கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அவர் கேட்டது என்னை மட்டம்தட்ட என்றாலும், கேள்வி தவறல்ல. இத்தனை ஆண்டுகள் மற்றவர்கள் முகத்துக்கு முன்னால் வெடிக்கப் போகும் பித்தளையை நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதன் பின்னால் என் முகம் ஒருமுறைகூட இருந்ததில்லை. கல்லூரியில் படித்தாலும் இதற்குப் பதில் கிடைக்கப் போவதில்லை. அதனால் போன மாதம் சங்கத்தில் போய்ப் பெயர் கொடுத்தேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று அங்கேயும் ஒருவர் கேட்டார். இந்த மேசையில் உட்கார்ந்த பிறகு அந்த மாதிரிக் கேள்விகள் காதில் விழுவதோடு சரி.

போன சனிக்கிழமை காலை திடலில் சுட்டேன். நானே பார்த்து முதல் தட்டில் போட்ட கூடுகள்தான். கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்தபோது, அந்தக் கூட்டின் அடிப்பாகத்தை இன்னொரு முறை பார்த்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தை நீங்களும் ஒருநாள் அனுபவிக்க வேண்டும். குறி எங்கோ இருந்தது, குண்டு எங்கோ போனது. தோள் இன்னும் வலிக்கிறது.

முதலில் சுட்ட கூட்டைத் துடைக்காமல் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். அது என்னுடையது என்பதை மறந்துவிட்டுப் பாருங்கள். எந்தத் தட்டு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உள்ளறை வாசலில் நிற்க மாட்டேன்.